வழிமொழிகிறேன்

சங்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். யாராவது எழுந்து "முன்மொழிகிறேன்" என்று சொன்னால், அவர் உட்காருவதற்குள் "வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அது பதவியும் இல்லை, யாரும் நியமித்ததும் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், வழிமொழிய ஆளில்லாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இவள் வாயைத் திறந்தாள். அன்றைக்குத் திறந்த வாய்தான். அப்புறம் வரவேற்புத் தீர்மானம், இரங்கல் தீர்மானம், தேநீர் இடைவேளைத் தீர்மானம், போன கூட்டத்தின் குறிப்பை ஏற்கும் தீர்மானம் என்று எது வந்தாலும் அவள்தான். தீர்மானம் என்ன என்று காதில் வாங்கிக்கொள்ளும் வழக்கம்கூட நாளாவட்டத்தில் போய்விட்டது. முன்மொழிகிறேன் என்ற சொல் காதில் விழும், வாய் தானாகத் திறக்கும், அவ்வளவுதான்.

பெயரே வழிமொழி அக்கா என்று ஆகிவிட்டது. "வழிமொழி அக்கா, சோப்புத் தூள் தீந்துபோச்சு." "வழிமொழி அக்கா, தலைவலி மாத்திரை இருக்கா?" பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

மற்றவர்களுக்கு இதில் பெரிய வசதி இருந்தது. முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் கூட்டக் குறிப்பில் ஏறும். தங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதில் அந்த மனிதர்களுக்கு இருந்த அக்கறை வேறெதிலும் இருந்ததில்லை.

வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். கட்டடத்தின் அடித்தளம். மேலே எத்தனை மாடிகளில் எத்தனை பேர் படுத்திருந்தாலும் அத்தனை பேருடைய படுக்கை விரிப்பும் இங்கேதான் வந்து விழும். ரத்தம், மருந்து, வாந்தி, எல்லாம் கொதிநீரில் போய் வெள்ளையாக வெளியே வரும். சன்னல் கிடையாது. மழை பெய்கிறதா என்பது மேலேயிருந்து வருபவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

சங்கத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். புருஷன் செத்து ஒரு பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, ஒரு கேள்வி கேட்காமல் பின்கட்டு அறையைக் காலி பண்ணிக் கொடுத்தவர். சங்கத்துக்கும் அப்படித்தான். அடித்தளத்தில் காற்றாடி சுழல்கிறதென்றால் அது அவர் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தது. நல்ல மனிதர்தான், அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. நல்ல மனிதர் தப்பு செய்தால்தான் சுற்றியிருப்பவர்களுக்குத் தலைவேதனை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமே.

தப்பு உருளை மிஷினில் ஆரம்பித்தது.

துவைத்த விரிப்புகள் அந்த மிஷினின் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே போய், காய்ந்து, மடிப்பில்லாமல் மறுபக்கம் வரும். இந்தப் பக்கம் ஒருத்தி கொடுப்பாள், அந்தப் பக்கம் ஒருத்தி வாங்குவாள். கொடுக்கிற பக்கத்தில், உருளைக்கு முன்னால், ஒரு சிவப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் போதும், மிஷின் நின்றுவிடும். அந்தக் கம்பிக்கு வயதாகி, கனமான விரிப்பு உரசினால்கூட மிஷினை நிறுத்த ஆரம்பித்தது. வேலை தேங்கியது. மேலே படுக்கைக்கு விரிப்பில்லை என்று நர்சுகள் கத்தினார்கள். மேலாளர் தலைவரைக் கூப்பிட்டுப் பேசினார். புதுக் கம்பி வரும்வரைக்கும் பழையதைக் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒரு கிழிசல் விரிப்பிலிருந்து பட்டையாகக் கிழித்து, கம்பியை நகராமல் கட்டினார்கள். புதுக் கம்பி வரவில்லை. கட்டியது கட்டியபடியே இருந்தது.

கொடுக்கிற பக்கத்தில் நின்றவளைப் பாட்டுக்காரி என்பார்கள். சின்ன வயசு. மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். வரி பாதி மறந்துபோனால் விரிப்பு, சோப்பு, மேலாளர் என்று கைக்கு வந்ததைப் போட்டு நிரப்புவாள். கொதிகலன் பக்கத்திலிருந்தெல்லாம் சிரிப்புச் சத்தம் வரும். வாங்குகிற பக்கத்தில் நின்றது நம்ம வழிமொழி அக்கா.

அன்றைக்குப் பாட்டு நடுவில் நின்றது. அடுத்த வரி மறந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் அக்கா நினைத்தாள். அப்புறம் அவள் பக்கம் வந்த விரிப்பு சிவப்பாக வந்தது. அவள் ஓடிப்போய் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் தள்ளினாள். கட்டிய கம்பி எங்கே நகரும்? கொதிகலன்காரர் வந்து மின்சாரத்தை அணைக்கிற வரைக்கும் உருளை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுக்காரியின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணை நடந்தது. தொழிலாளர்கள் தரப்பில் தலைவர் போய்ப் பேசினார். எல்லோருக்காகவும் அவர் பேசுவதுதான் வழக்கம் என்பதால் மறுபக்கம் நின்றவளை யாரும் கூப்பிடவில்லை. கம்பி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்று தலைவர் சொன்னார். பெண் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அதனால் கவனம் சிதறிவிட்டது என்றும் சொன்னார். சங்கத்தின் வாக்குமூலம் என்று அது பதிவானது. கவனக்குறைவு என்று முடிவுகட்டி, பாட்டுக்காரியை வேலையிலிருந்து நீக்கப்போவதாக ஆஸ்பத்திரி அறிவிப்பு ஒட்டியது.

வீட்டில் அவள் அண்ணனிடம் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"கம்பி கட்டியிருந்துச்சேண்ணே."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தெரியும் பாப்பா. கட்டச் சொன்னதுக்குத் தலையாட்டினவனே நான்தானே. கம்பி கட்டியிருந்துச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? சலவையை மொத்தமா வெளியாளுக்குக் கொடுத்துடுவோம்னு மேலாளர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அத்தனை பேரும் தெருவுல நிக்கணும். நீயும் சேர்த்துத்தான். ஒரு கை போயிடுச்சு. அது திரும்ப வராது. மிச்சமிருக்கற கையையெல்லாம் நான் பாக்க வேணாமா?"

அண்ணி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று கையால் தடுத்தார். அவர் அப்படிச் சாப்பாட்டைத் தடுத்து அவள் பார்த்ததே இல்லை. 

கண்டனத் தீர்மானம் என்ற பேச்சை எடுத்தவர் துணி வண்டி ஓட்டுகிறவர். சங்கத்தின் விதிப் புத்தகத்தை வண்டிக்குள்ளேயே வைத்திருப்பார். விதி மீறுகிறதென்று எந்தக் கூட்டத்திலும் எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை!" என்று கத்தாமல் இருந்ததில்லை. அதனால் அவருக்கு ஒழுங்குப் பிரச்சினை என்றே பெயர் நிலைத்துவிட்டது. பொதுவாக அவர் எழுந்தால் மற்றவர்கள் தேநீர் குடிக்க எழுவார்கள். இந்தமுறை எழவில்லை.

"நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேற, கண்டனத் தீர்மானம் வேற," என்றார் அவர், சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு. "நம்பிக்கை இல்லேன்னா நாற்காலியை விட்டு எறங்குன்னு அர்த்தம். அதுக்கு மூணுல ரெண்டு பங்கு கை வேணும். நமக்கு வராது. கண்டனம்னா, நாற்காலியிலேயே இரு, ஆனா நீ செஞ்சது எங்களுக்கு ஒப்பில்லன்னு எழுதி வைக்கிறது. பாதிக்கு மேல ஒரு கை வந்தாப் போதும்."

"அதாவது வீட்ல என் சம்சாரம் தினமும் போடறது," என்றார் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. ஆனா அவ போடறது குறிப்புல ஏறாது. இது ஏறும். 'விசாரணையில் தலைவர் சொன்னது உறுப்பினர்களின் வார்த்தை அல்ல.' இதுதான் வாசகம். இது ஏறிட்டா, அந்தப் பொண்ணு நாளைக்கு எங்க போய் நின்னாலும் இந்தத் தாளைக் காட்டலாம். அவ கவனக்குறைவுன்னு நாம சொல்லலன்னு ஆகும்."

"தோத்துட்டா?"

"தோத்தாலும் ஏறும். முன்மொழிஞ்சது யாரு, வழிமொழிஞ்சது யாரு, என்ன வாசகம், எல்லாம் ஏறும். ஒண்ணே ஒண்ணுதான் ஆகக்கூடாது. வழிமொழிய ஆளில்லாமப் போகக்கூடாது. போனா, பேசவே இல்லன்னு கணக்கு. ஒரு வரிகூட இருக்காது."

எல்லோரும் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார்கள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவருடைய தங்கையை இதில் எப்படி இழுப்பது? தையல்காரர் நெஞ்சில் கை வைத்தார். "நான் வழிமொழியறேன். நீங்க எழுந்திரிங்க, அடுத்த நொடி நான் நிப்பேன்."

மற்றவர்கள் கலைந்த பிறகு அவள் வண்டிக்காரரிடம் கேட்டாள். "கம்பியைக் கட்டலாம்னு சங்கத்துல எப்பங்க முடிவாச்சு? எனக்கு ஞாபகமே இல்லையே."

அவர் தயங்கினார். "அன்னிக்கு நான் வண்டியில போயிட்டேன்மா. அப்புறம் குறிப்புல பாத்தேன். 'வேலை தடைபடாதிருக்கத் தற்காலிக ஏற்பாட்டை ஏற்கிறோம்.' உங்கண்ணன் கொண்டாந்தது." பிறகு, "வழிமொழிஞ்சது நீதான்," என்றார்.

அவள் உருளை மிஷினுக்குத் திரும்பிப்போய் வாங்குகிற பக்கத்தில் நின்றாள். எதிரே புதிதாக வந்த ஒருத்தி வாயைத் திறக்காமல் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கம்பி புதிதாகப் பளபளத்தது. விபத்து நடந்த மறுநாளே மாற்றிவிட்டார்கள்.  தான் சொன்ன அத்தனை வழிமொழிகிறேனையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க முயன்றாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

கூட்டம், மடித்த துணிகளை அடுக்கும் அறையில் நடந்தது. சுவர் நெடுக வெள்ளை அடுக்குகள். பாட்டுக்காரியும் வந்திருந்தாள். நீக்கம் இன்னும் உறுதியாகவில்லை, அதனால் இன்னும் உறுப்பினர்தான். கடைசி வரிசையில், கட்டுப்போட்ட கையைப் பைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவரைப் பற்றிய தீர்மானம் என்றால் தலைவர் நாற்காலியில் இருக்கக்கூடாது, செயலாளர் நடத்த வேண்டும். அது விதி. செயலாளர் கொதிகலன்காரர்தான். அவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தலைவர் இறங்கி வந்தார். உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி நின்றுவிட்டு, தங்கையின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அவள் தன் பையை அதன்மேல் வைத்திருப்பாள். அவர் வருவதைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டிக்காரர் எழுந்து தீர்மானத்தை ஒரு சொல்கூடப் பிசகாமல் வாசித்தார். "முன்மொழிகிறேன்," என்று முடித்து உட்கார்ந்தார்.

தையல்காரர் எழவில்லை. அவருடைய செருப்பின் வார் அறுந்திருக்கிறதா என்று மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். தையல்காரர் மறு செருப்பையும் பார்த்தார். கொதிகலன்காரர், "வழிமொழிய யாராவது..." என்று இழுத்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் அடுக்கி வைத்த துணிகளை எண்ணுவதுபோல் சுவரைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"வழிமொழிகிறேன்," என்றாள் அவள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. ஒருவர் இருவர் அல்ல, அறையே சிரித்தது. தையல்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டது.

"ஐயோ அக்கா! பழக்கத்துல வந்துடுச்சா?" என்றார் கொதிகலன்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "எந்தத் தீர்மானம்னு பாத்துச் சொல்லக்கூடாதா? வாபஸ் வாங்கிக்கலாம், ஒண்ணும் தப்பில்ல."

அவள் வாயைத் திறந்தாள். பழக்கத்துல இல்ல என்று சொல்லத்தான் திறந்தாள். அப்போது அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வாய் தவறிடுச்சு," என்றார் எல்லோரையும் பார்த்து, சிரித்தபடியே. "பாவம், பாப்பாவுக்கு வாய் தவறிடுச்சு. விடுங்க." முகம்தான் சிரித்தது. பிடித்திருந்த கை நடுங்கியது. அப்பா செத்த அன்றுகூட நடுங்காத கை. பின்கட்டு அறைக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கை. அந்த நடுக்கம் அவள் எலும்புவரைக்கும் வந்தது, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ வழிமொழிய ஆளில்லை, தீர்மானம் விழுந்தது," என்று கொதிகலன்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வண்டிக்காரர் "ஒழுங்குப் பிரச்சினை! ஒழுங்குப் பிரச்சினை!" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பாட்டுக்காரியின் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டில் அண்ணன் அதை ஒரு வேடிக்கைக் கதையாக அண்ணியிடம் சொன்னார். "எனக்கு எதிரா வந்த தீர்மானத்தையே வழிமொழிஞ்சுட்டா, நம்ம பாப்பா!" அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார், ஆனால் ஒருமுறைகூடத் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. வாய் தவறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அண்ணி ஒருத்திதான் நிஜமாகச் சிரித்தவள்.

பாட்டுக்காரி வீட்டுக்கு அவள் போனாள். கதவைத் திறந்த அம்மா, "தூங்கறாம்மா," என்றாள். உள்ளே யாரோ வானொலியைச் சட்டென்று அணைத்தது கேட்டது. அவள் கொண்டுபோன பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவமானம் என்றால் என்ன என்று அந்தத் தெருவில் நடந்தபோதுதான் அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. இத்தனை வருடமாக அத்தனைக்கும் சரி சரி என்று சொன்ன வாயை, ஒருமுறை நிஜமாகச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் நீக்கம் உறுதியாகிவிட்டது. பாட்டுக்காரி இனி உறுப்பினர் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த கடைசி நாற்காலியில் யாரோ மேல்சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

தலைவர் நாற்காலியில் இருந்தார். கொதிகலன்காரர் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தார். வேகமாகத்தான் வாசித்தார். ஆனால் அவள் இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கினாள். "தலைவர் மீதான கண்டனத் தீர்மானம் தவறுதலாக வழிமொழியப்பட்டு, வழிமொழிந்தவரால் திரும்பப் பெறப்பட்டதால் கைவிடப்பட்டது. கூட்டம் நன்றியுடன் நிறைவுற்றது."

"குறிப்பு சரியென ஏற்க முன்மொழிகிறேன்," என்றார் தையல்காரர். இதற்கெல்லாம் அவருக்குக் கால் சட்டென்று எழும்பும்.

தலைவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். கொதிகலன்காரர் பேனாவால் எழுதக்கூடத் தொடங்கிவிட்டார், வழிமொழிந்தவர் என்ற இடத்தில். பிறகுதான் அந்தச் சொல் இன்னும் வரவில்லை என்று அவருக்கு உறைத்தது. பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றார் தையல்காரர், "குறிப்புதானே இது. தூங்கிட்டியா?"

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார். அறை முழுக்க அவளைப் பார்த்தது. அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். வேறு யார் வேண்டுமானாலும் வழிமொழியலாம், அதற்கு விதியில் தடை கிடையாது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சொல்லை இத்தனை காலமும் அவள் ஒருத்தி வாயில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது அது கனமாக இருக்கிறது என்று தெரிந்ததும், எடுக்க ஒரு கையும் நீளவில்லை.

"பாப்பா," என்றார் தலைவர். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "என்ன இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசினா குறிப்புல ஏறாதுண்ணே."

அவள் எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றதே இல்லை. வழிமொழிய எழத் தேவையில்லை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தவறுதலா சொல்லல. திரும்ப வாங்கவும் இல்ல. எனக்காக எங்கண்ணன்தான் வாங்கினாரு. அன்னிக்கு மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்னவ நான். கம்பி கட்டியிருந்துச்சு. நான் ரெண்டு கையாலயும் தள்ளிப் பாத்தேன், நகரல. அத அப்படிக் கட்டலாம்னு வந்த தீர்மானத்தை வழிமொழிஞ்சதும் நான்தான். அதுதான் பழக்கத்துல சொன்னது. இது இல்ல." மூச்சு வாங்கியது. "அவ பாடினதால கை போகல. அவ பாட்டை நீங்க எல்லாரும் கேட்டீங்க. சிரிச்சீங்க. குறிப்பைத் திருத்துங்க. திருத்தினா வழிமொழியறேன்."

வண்டிக்காரர் மெதுவாக எழுந்தார். இந்தமுறை கத்தவில்லை. "திரும்பப் பெறலேன்னா தீர்மானம் இன்னும் உயிரோட இருக்கு. ஓட்டுக்கு விடணும். விதி அப்படித்தான்."

தலைவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். கோபம் இல்லை. பெட்டியோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பிறகு கை நீட்டிக் கொதிகலன்காரரிடமிருந்து பேனாவை வாங்கினார். "தவறுதலாக" என்ற சொல்லைத் தானே அடித்தார். அடுத்த பாதி வரியையும் அடித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை விட்டு இறங்கினார். அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, பையும் அவள் கையில்தான் இருந்தது. அவர் அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஓட்டு எடுத்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் வண்டிக்காரர் தூக்கினார், அவள் தூக்கினாள். பின்னால் துவைக்கிற பக்கத்துப் பெண்கள் சிலர், முழங்கை மடங்கியபடி, தலையைச் சொறிவதா தூக்குவதா என்று தெரியாத உயரத்துக்குத் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றபோது எழுந்த கைகளை எண்ணவே தேவை இருக்கவில்லை. தையல்காரர் இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை அவசரமாக இறக்கினார். தீர்மானம் தோற்றது. வாசகத்தையும் அவள் சொன்னதையும் கொதிகலன்காரர் குறிப்பில் எழுதினார். தலைவர் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயித்த மனிதர் மாதிரி அவர் உட்காரவில்லை.

திருத்திய குறிப்பை ஏற்க வண்டிக்காரர் முன்மொழிந்தார். அவள் வழிமொழிந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் வேலை முடிந்து எப்போதும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். அன்றைக்கும் ஒரே தெருவில்தான் நடந்தார்கள். அவர் அந்த ஓரம், இவள் இந்த ஓரம். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் அவர் செருப்பு தடுக்கிக் கொஞ்சம் தள்ளாடினார். அவள் கை தானாக நீண்டது. இடையில் ஒரு தெருவே இருந்தது. வீட்டில் அண்ணி சோற்றை எடுத்துப் பின்கட்டு வாசலில் வைத்துவிட்டு, "அவர் பேசற வரைக்கும் நானும் பேசமாட்டேன், தட்டைக் கழுவி அங்கயே வை," என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வருடத்தில் அவள் தனியாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. அழுதாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அழுதாள்.

விடுமுறை நாளில் மறுபடியும் பாட்டுக்காரி வீட்டுக்குப் போனாள். இந்தமுறை கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்காரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கவ்விகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு போர்வையை இடது கையால் கொடியில் எறிந்து, அது சரிந்து விழ, மறுபடி எறிந்து. அக்கா உதவப் போகவில்லை. பாட்டுக்காரி அதைக் கொடியில் நிறுத்துகிறவரைக்கும் நின்றாள்.

பாட்டுக்காரி கவ்விகளை வாயிலிருந்து எடுத்தாள். "கூட்டம் நடந்துச்சாம்ல. ஓட்டு விட்டாங்களாம்."

"ம்."

"என்னாச்சு?"

"தோத்துடுச்சு."

பாட்டுக்காரி தலையாட்டினாள். அவள் எதிர்பார்த்ததுதான். போர்வையின் ஒரு முனையில் கவ்வியைப் போட்டாள்.

"ஆனா குறிப்புல இருக்கு. கம்பி கட்டியிருந்துச்சுன்னு நான் சொன்னதும் இருக்கு. வண்டிக்காரர் நகல் எடுத்துத் தரேன்னாரு. எங்கயாவது காட்ட உதவும்." பிறகு, "உதவாமலும் போகலாம்," என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பாட்டுக்காரி இரண்டாவது கவ்வியைக் கையில் எடுத்தாள்.

"வழிமொழிஞ்சது யாரு அக்கா?"

"நான்தான்."

"பழக்கத்துலயா?"

"இல்ல," என்றாள் அவள்.

பாட்டுக்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து நழுவத் தொடங்கியிருந்த போர்வையின் மறுமுனையை அவள் பக்கம் நீட்டினாள். அக்கா வந்து வாங்கிக்கொண்டாள்.